அன்னமுத்துவின் கல்வெட்டு

குலவீரசிங்கம் மாஸ்டரின் தாய் அன்னமுத்து தொண்ணூற்று நாலு வயதில் கண்ணை மூடினார். முதல் நாள்கூட நடந்து திரிந்தவர். படுக்கையில் கிடந்து ஒருவருக்கும் கரைச்சல் கொடுக்காத நல்ல சாவு என்று ஊரே சொன்னது.

முப்பத்தோராம் நாள் கிரியைக்கு வருகிறவர்களின் கையில் கொடுக்க ஒரு சின்னப் புத்தகம் அடிப்பது யாழ்ப்பாணத்து வழக்கம். அதற்குப் பெயர் கல்வெட்டு. தேவாரம், இறந்தவரின் வாழ்க்கை வரலாறு, வம்சாவளி, கடைசியில் நன்றி நவிலல், எல்லாம் அதில் இருக்கும். வரலாற்றை எழுத வேண்டியவர் மூத்த மகன். மாஸ்டர் மூன்று நாள் மினக்கெட்டுப் பதினாலு பக்கம் எழுதினார். எட்டுத் தரம் வாசித்தும் பார்த்தார். ஒரு சொட்டுக் கண்ணீர் வரவில்லை.

அதுதான் அவரை அரித்தது. செத்தவீட்டிலும் அவர் அழவில்லை. பந்தல், ஐயர், சாப்பாடு என்று ஓடித் திரிந்ததில் அழ நேரம் கிடைக்கவில்லை என்று சமாளித்துக்கொண்டார். இப்போது நேரம் தாராளமாகக் கிடந்தது, கண்ணீரைத்தான் காணவில்லை. பெற்ற தாய்மேல் பாசமில்லாத கல்நெஞ்சனோ நான் என்று பயம் பிடித்துவிட்டது. இருபத்தேழாம் நாள் காலை தாள்களை எடுத்துக்கொண்டு பூவரசடிச் சாமியிடம் போனார்.

பென்சன் எடுத்த நாள் முதல் மாஸ்டர் சாமியின் சீடர். சாமிக்கு ஐம்பது வயது, சீடருக்கு அறுபத்தாறு. அதனால் குருவே சீடரை ‘மாஸ்டர்’ என்று கூப்பிடுவார். சீடருக்கு அது உள்ளூரப் பிடிக்கும், வெளியே காட்டிக்கொள்ள மாட்டார்.

சாமி கத்தரிக்கன்றுகளுக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டு நின்றார்.

“சாமி, இதை ஒருக்கால் பாத்துத் தாங்கோ. பின்னேரம் அச்சகத்திலை குடுக்கவேணும்.”

“பிழை இருக்குதோ?”

“பிழை இல்லை, சாமி.”

முப்பது வருஷம் பள்ளிக்கூடத்தில் மற்றவர்களின் பிழை திருத்திய வாத்தியார் அவர். அந்தச் சொல்லைச் சொல்லும்போது அவருக்குக் கொஞ்சம் கோபம்கூட வந்தது. பிறகு குரல் இறங்கியது.

“வாசிச்சால் அழுகை வரேல்லை. எனக்கு அம்மாவிலை அன்பில்லையோ எண்டு பயமாக் கிடக்கு.”

சாமி கையைத் துடைத்துக்கொண்டு தாள்களை வாங்கினார். ‘அன்னார் பெருமைமிகு குடியிற் பிறந்து, இல்லறத்தின் நல்விளக்காய்த் திகழ்ந்து’ என்று தொடங்கியதை அவர் வாசித்ததாகவே தெரியவில்லை. மளமளவென்று புரட்டிக்கொண்டு போனார். மாஸ்டருக்கு மனம் சுட்டது. ஒன்பதாம் பக்கத்தில் சாமியின் விரல் நின்றது. அங்கே சிவப்பு மையால் வெட்டப்பட்ட ஒரு வரி கிடந்தது.

“‘அம்மா வீட்டில் நின்று நான் கண்டது குறைவு.’ இதை ஏன் வெட்டினனீங்கள்?”

“கனடாவிலையிருந்து தங்கச்சி சொன்னவ. ஊர் சுத்தின மனிசி எண்டு சனம் கதைக்குமாம்.”

“சுத்தினவவோ?”

“சுத்தினவதான்.”

“எங்கையெல்லாம்?”

மாஸ்டர் தயங்கினார். பிறகு வரம்பிலேயே குந்திவிட்டார்.

“விடிய முன்னமே கடற்கரைக்கு வெளிக்கிட்டிடுவா, சாமி. கேட்டால் மீன் வாங்கப் போறன் எண்டுவா. எங்கடை வீடு சைவம்.”

சாமி சிரித்தார். மாஸ்டருக்கும் வாய்க்கோடியில் சிரிப்பு வந்தது.

“மாரியிலை பரவைக்கடலிலை பூநாரை வந்து இறங்கினால் எங்களுக்கு மத்தியானச் சாப்பாடு பின்னேரந்தான். அப்பா ஏசுவார். ‘அவ்வளவு தூரம் பறந்து வந்ததுகளை ஆராவது போய்ப் பாக்கவேணுமெல்லோ’ எண்டு கேப்பா.”

“பேந்து?”

“என்னைப் பெத்ததும் வெளியிலைதான். அரிவு வெட்டு நாள். வீட்டை போ எண்டு எல்லாரும் சொல்லியும் கேக்கேல்லை. வயல் வரம்பிலை பெத்தவ. பள்ளிக்கூடத்திலை எனக்குப் பட்டம் ‘வரம்பு’.”

“அது எத்தினையாம் பக்கத்திலை கிடக்கு?”

“அது… போடேல்லை.”

மாஸ்டர் தானாகவே தொடர்ந்தார். இனி அவரை நிறுத்துவது கஷ்டம்.

“தொண்ணூற்றொரு வயசிலை மழைக்கை வழுக்கி விழுந்தவ. நான் பயந்துபோய் வேலியைப் பிடுங்கிப்போட்டுச் சுத்திவர மதில் கட்டுவிச்சன். கேற்றுக்குப் பூட்டு. பின்மதில் கட்டி முடிய முன்னம் அலுவலாக் கொழும்புக்குப் போட்டு நாலாம் நாள் வந்து பாத்தால், பின்மதிலிலை ஒராள் போறளவுக்கு வெளி விட்டுக் கிடக்கு. மேசனைக் கேட்டன். ‘மாஸ்டர் விடச்சொன்னவர் எண்டு ஆச்சிதானே சொன்னவ’ எண்டுறான்!”

“ஆச்சி?”

“ஆளில்லை. தேடிக்கொண்டு ஓடினன். பரவைக்கடல் கரையிலை நிக்கிறா. செருப்பில்லை. முழங்கால் மட்டும் சேறு. என்னைக் கண்டதும், ‘வந்திட்டியோ தம்பி, இஞ்சாலை வந்து நில், காத்து நல்லாயிருக்கு’ எண்டா.”

“நிண்டனீங்களோ?”

“ஏசினனான், சாமி. ஏசிக்கொண்டே பக்கத்திலை நிண்டனான். பேந்து ஏச்சு நிண்டுபோச்சு. பொழுதுபடுமட்டும் ரெண்டுபேரும் நிண்டனாங்கள். உண்மையாக் காத்து நல்லாத்தான் இருந்தது.”

“அந்த வெளியை அடைச்சனீங்களோ?”

“கதவு போட்டன். பூட்டில்லாத கதவு. சாகிறதுக்கு முதல் நாளும் அதாலைதான் போனவ.”

அதைச் சொல்லி முடிக்கும்போது மாஸ்டரின் குரல் உடைந்தது. சிரித்துக்கொண்டிருந்தவர் அதே சிரிப்போடு அழத் தொடங்கினார். நல்ல அழுகை. சால்வை நனையும் வரை அழுதார். சாமி தடுக்கவில்லை. ஒரு செம்பு தண்ணீரைப் பக்கத்தில் வைத்துவிட்டு மிச்சக் கன்றுகளுக்குத் தண்ணீர் விடப் போனார்.

திரும்பி வந்தபோது மாஸ்டர் முகம் கழுவி, மனம் குளிர்ந்து இருந்தார். ஒன்பதாம் பக்கம் அவர் மடியில் கிடந்தது.

“தங்கச்சி ஏசுவா.”

“ஏசட்டும்.”

“சனம் சிரிக்கும், சாமி.”

“நீங்களும் இப்ப சிரிச்சனீங்கள்தானே.”

மாஸ்டர் தாள்களை அடுக்கிக்கொண்டு எழுந்தார். இரண்டு அடி வைத்துவிட்டு நின்று திரும்பினார்.

“மூண்டு நாள் இருந்து எழுதினனான், சாமி. பதினாலு பக்கத்திலையும் ஒரு இடத்திலைகூட அவ எனக்குக் கிட்ட வரேல்லையே. ஏன்?”

“அவ வெளியிலை நிண்டவ, மாஸ்டர். நீங்கள் வீட்டுக்கை இருந்தெல்லோ கூப்பிட்டுக்கொண்டிருந்தனீங்கள்.”