கதவைத் தட்டியவர்

நாமக்கல்லில் லாரிக்கு பாடி கட்டும் பட்டறைகள் வரிசையாக இருக்கும் சாலையில், ஒரு பட்டறைக்குப் பின்னால் தகரக் கொட்டகை ஒன்று இருந்தது. தினமும் காலையில் ஒரு மணி நேரம் செங்கோடன் அங்கே கண்மூடி உட்காருவார். அவரோடு உட்கார ஏழெட்டுப் பேர் வருவார்கள். செங்கோடன் பதினாறு வருடம் வடக்கே லாரி ஓட்டியவர். அதை விட்டு ஐந்து வருடம் ஆகியிருந்தது. வயது நாற்பத்து மூன்று.

வருகிறவர்களில் மூத்தவர் வசந்தகோகிலம். அறுபத்திரண்டு வயது. தலைமையாசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். தன்னைவிடச் சின்னவரை அவர் ஐயா என்று கூப்பிட்டார். செங்கோடன் அவரை டீச்சர் என்பார்.

அன்றைக்கு வசந்தகோகிலத்தால் உட்கார முடியவில்லை. பத்து நிமிடத்தில் கண்ணைத் திறந்துவிட்டார். மற்றவர்கள் எழுந்து போகும்வரை தகரக் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஐயா, கோபத்தை விடறது எப்படிங்க?"

"எந்தக் கோபத்தை?"

அவர் சொன்னார்.

கணவர் தணிகாசலம் ஓவிய ஆசிரியராக இருந்தவர். பள்ளிப் பிரார்த்தனைக்கு முப்பது வருடம் ஆர்மோனியம் வாசித்தவர். இரண்டு வருடங்களுக்கு முன் பக்கவாதம் வந்து வலது பக்கம் விழுந்தது. பேச்சும் போனது. மிஞ்சியது இரண்டு வார்த்தைகள்: ஆமா, வேண்டாம். நாள் முழுக்கச் சுவரைப் பார்த்தபடி படுத்திருப்பார். வீட்டிலிருந்த ஆர்மோனியத்தை எப்போதோ கரையான் தின்றிருந்தது.

ஒருநாள் வசந்தகோகிலம் செல்போனில் ஓர் ஆர்மோனியத்தைக் காட்டி, "நான் துருத்தியைப் போடறேன், நீங்க இடது கையில வாசிங்க. வாங்கட்டுமா?" என்று கேட்டார். தணிகாசலம் வெகுநேரம் அதையே பார்த்தார். பிறகு, "ஆமா" என்றார்.

வடக்கே எங்கோ இருந்து அது கிளம்பியது. வந்து சேரப் பன்னிரண்டு நாள். அந்தப் பன்னிரண்டு நாளும் செல்போன் தணிகாசலத்தின் இடது கையிலேயே இருந்தது. பார்சல் ஒவ்வோர் ஊரைத் தாண்டும்போதும் போனைத் தூக்கி மனைவியிடம் காட்டினார். ஓசூர் என்று வந்த அன்றைக்குத் தானே எழுந்து கட்டிலில் உட்கார்ந்தார்.

பெட்டி வந்தது. திறந்தார்கள். மேல்பலகை இரண்டாகப் பிளந்திருந்தது. துருத்தி கிழிந்து தொங்கியது. கட்டைகளில் பாதி உள்ளே போயிருந்தன.

தணிகாசலம் "வேண்டாம்" என்றார். சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துவிட்டார்.

கொண்டுவந்த ஆள் அப்போதுதான் தெருமுனையில் வண்டியைத் திருப்பிக்கொண்டிருந்தார். பெயர் கார்மேகம். அது சட்டையில் மாட்டியிருந்த அட்டையில் இருந்தது. வசந்தகோகிலம் செருப்புக்கூடப் போடாமல் ஓடி வண்டியின் முன்னால் நின்றார். ஆயிரம் பிள்ளைகளை ஒரே அதட்டலில் அடக்கிய குரல் அவருடையது. அந்தக் குரலில் கால் மணி நேரம் திட்டினார். தெருவே வெளியே வந்து பார்த்தது.

"நான் போடலீங்கம்மா. எனக்கு வந்ததே இப்படித்தாங்க" என்று கார்மேகம் இரண்டு தடவை சொன்னார். பிறகு தலையைக் குனிந்துகொண்டார்.

ஆர்மோனியத்தை ஆன்லைனில் விற்ற கம்பெனிக்கு அன்றே புகார் போனது. நாலு பக்கமும் படம் எடுத்து அனுப்பச் சொன்னார்கள். அனுப்பினார். ஒரு பெண் போனில் விவரம் கேட்டாள். எட்டாம் நாள் வேறொரு ஆள் வந்து புது ஆர்மோனியம் கொடுத்துவிட்டுப் போனார். அதில் ஒரு கீறல்கூட இல்லை. உடைந்ததைத் திருப்பித் தர வேண்டாம் என்றார்கள். வருத்தம் தெரிவித்து ஒரு கடிதம் வந்தது. கடைசி வரியில், சம்பந்தப்பட்ட நபர் பணியிலிருந்து நீக்கப்பட்டார் என்று இருந்தது.

"கேட்டது எல்லாம் கிடைச்சிருச்சுங்க. அவர் இப்ப வாசிக்கிறார். ஆனா எனக்குத்தான் அடங்கல. குளிக்கும்போது திட்டறேன். அரிசி களையும்போது திட்டறேன். அந்த ஆள் முகம் போகவே மாட்டேங்குது."

செங்கோடன் கேட்டார். "உடைஞ்ச பெட்டி எங்க இருக்கு?"

"கொல்லைத் தாழ்வாரத்துல கிடக்குதுங்க."

"கொண்டு வாங்க."

மறுநாள் ஆட்டோவில் கொண்டுவந்தார். செங்கோடன் தானே இறக்கித் தரையில் வைத்தார். பெட்டியைச் சுற்றி ஒரு நடை நடந்தார். குந்தி உட்கார்ந்து மூலைகளைத் தடவினார். பக்கவாட்டில் இருந்த கறையை மோந்து பார்த்தார். உள்ளே கையை விட்டார். கசக்கிய செய்தித்தாள் இரண்டு தாள்தான் வந்தது. வேறு எதுவும் வைத்துக் கட்டியிருக்கவில்லை.

"கீழ விழுந்த பெட்டின்னா மூலை மழுங்கும். இதுல நாலு மூலையும் நல்லா இருக்குது. நடுவுலதான் குழிஞ்சிருக்குது. பெரிய பாரம் ஒண்ணு இதும்மேல பல நாள் இருந்திருக்குது. இந்தக் கறை தார்ப்பாய் ஒழுகின தண்ணி. காஞ்சு மூணு வாரமாவது இருக்கும், உங்க வீட்டுக்கு வர்றதுக்கு முன்னாடியே."

வசந்தகோகிலம் குனிந்து அந்தக் குழியைத் தொட்டுப் பார்த்தார்.

"அந்த ஆள்கிட்ட இது எவ்வளவு நேரம் இருந்திருக்கும்?"

"சேலம் ரோட்டுக் கிடங்கிலிருந்து வீட்டுக்கு. அரை மணி நேரம் இருக்குங்க."

"அவர் கீழ போட்டதைப் பாத்தீங்களா?"

"போட்டிருப்பார்னு நினைச்சேன்."

"கம்பெனிக்கு என்ன சொன்னீங்க?"

வசந்தகோகிலம் புடவைத் தலைப்பைக் கையில் சுற்றினார். "பாத்தேன்னு சொன்னேன்."

பக்கத்துப் பட்டறையில் தகடு அறுக்கும் சத்தம் கேட்டது. அது நிற்கும்வரை செங்கோடன் காத்திருந்தார். பிறகு அந்தப் பெட்டியின் மேலேயே ஏறி உட்கார்ந்தார். அட்டை இன்னும் கொஞ்சம் உள்ளே போனது.

"பதினாறு வருசம் லோடு ஏத்தியிருக்கேன் டீச்சர். உடையும் பொருள்னு எழுதின பெட்டி மேல இரும்பு ஏத்தியிருக்கேன். அவசரம். பெட்டி மேலயே படுத்துத் தூங்கியும் இருக்கேன். எத்தனை வீட்டுல எதெது உடைஞ்சு போய்ச் சேர்ந்துச்சோ, எனக்குத் தெரியாது. ஒருத்தர்கூட என்னைத் தெருவுல நிறுத்திக் கேட்டதில்லை. இப்பக் கேளுங்க. அன்னிக்கு அந்த ஆளைச் சொன்னதை ஒரு வார்த்தை விடாம எனக்குச் சொல்லுங்க."

வசந்தகோகிலம் வாயைத் திறந்தார். மூடிக்கொண்டார்.

"சொல்லுங்க."

"உங்களைப் பாத்து எப்படிங்க சொல்றது."

"அவரைப் பாத்து எப்படி வந்துச்சு?"

வசந்தகோகிலத்துக்குக் கோபம் வந்தது. இந்தத் தடவை குருவின் மேல். "அப்ப நான் கோபப்பட்டதே தப்புங்கறீங்களா? பன்னிரண்டு நாள் அந்த மனுசர் போனைக் கையிலயே வச்சிருந்தார். பலகை பிளந்து வந்தா நான் சிரிக்கணுமா?"

"தப்புன்னு நான் சொல்லலீங்களே. கட்டினவர் சரியாக் கட்டல. ஏத்தினவர் பாத்து ஏத்தல. மழையில மூடல. இதுக்கெல்லாம் கோபம் வரணும். ஆனா அவங்கள்ல யாரும் உங்க கதவைத் தட்டல. தட்டினவர் ஒருத்தர்."

வசந்தகோகிலம் சொல்லிக்கொள்ளாமல் எழுந்து போனார்.

கார்மேகத்தைக் கண்டுபிடிக்க இரண்டு நாள் ஆனது. மோகனூர் சாலையில் ஒரு முட்டைக் கிடங்கில் முட்டையை அட்டை அட்டையாக லாரியில் ஏற்றிக்கொண்டிருந்தார். முப்பத்தைந்து வயது இருக்கும். வசந்தகோகிலத்தைப் பார்த்ததும் கையிலிருந்த அட்டைகளை மெதுவாகக் கீழே வைத்தார்.

"இங்கயும் வந்துட்டீங்களா?"

"மன்னிப்புக் கேக்க வந்தேன் தம்பி. நீங்க உடைக்கல. எனக்கு இப்பத்தான் தெரிஞ்சுது."

"எனக்கு அன்னிக்கே தெரியுமுங்க."

"நான் பேசினது தப்பு."

கார்மேகம் குரலை உயர்த்தவில்லை. முகம் மட்டும் கறுத்தது. "தெருவுல நிறுத்தி, நாலு பேர் பாக்கத் திட்டினீங்க. அந்தத் தெருவுல ஒரு வீட்டுல எம் பொண்டாட்டி வேலை செய்யறா. இப்ப யாரும் இல்லாத இடத்துல வந்து மெல்லமா மன்னிப்புக் கேக்கறீங்க. என் ஐ.டி.யை மூடிட்டாங்க. வேற கம்பெனிக்குப் போனாலும், பொருளைப் போட்டு உடைக்கிற ஆள்னு வருது. நீங்க மன்னிப்புக் கேட்டா அது திறக்குமுங்களா?"

"திறக்க வைக்கறேன்."

"போங்கம்மா. முட்டை வெயில்ல நிக்குது."

கம்பெனிக்குப் புகார் சொல்ல போனில் வழி இருந்தது. சொன்ன புகாரைத் திரும்பப் பெற வழி இல்லை. எந்த எண்ணை அழுத்தினாலும் பாட்டுப் போட்டார்கள். வசந்தகோகிலம் சேலம் சாலைக் கிடங்குக்குப் போனார். அங்கிருந்த மேற்பார்வையாளர், "மேலிடத்து முடிவு மேடம், என் கையில ஒண்ணும் இல்லை" என்றார்.

"மேலிடத்தைக் கூப்பிடுங்க. நான் உக்காந்திருக்கேன்."

மூன்று நாள் உட்கார்ந்திருந்தார். காலையில் கணவருக்குச் சாப்பாடு ஊட்டிவிட்டுப் போவார். சாயங்காலம் திரும்புவார். பக்கத்து வீட்டுப் பெண் நடுவில் பார்த்துக்கொண்டாள். கிடங்கில் பெட்டிகள் வந்து இறங்குவதைப் பார்த்தார். வீசுவதைப் பார்த்தார். வீசும் ஆட்களுக்கு ஒரு லாரிக்கு இத்தனை நிமிடம்தான் என்று சுவரில் எழுதியிருந்ததையும் படித்தார். பார்க்கப் பார்க்கக் கோபம் ஏறிக்கொண்டே போனது. ஆனால் யாரையும் திட்டவில்லை. எல்லாவற்றையும் ஒரு நோட்டில் எழுதினார்.

மூன்றாம் நாள் மத்தியானம் மேற்பார்வையாளர் போனை நீட்டினார். பெங்களூரிலிருந்து ஓர் அதிகாரி.

"உங்கள் புகாரின் பேரில்தான் நடவடிக்கை எடுத்தோம், மேடம்."

"விசாரிச்சீங்களா?"

"நீங்கள் பார்த்ததாகச் சொன்னீர்கள்."

"நான் பாக்கல. பொய் சொன்னேன். எழுதிக்குங்க, என் பேரைப் போட்டு. பெட்டி மேல இருந்து அமுங்கியிருக்கு. உள்ள ரெண்டு பேப்பர்தான் வச்சுக் கட்டியிருக்கு. படம் அனுப்பினேனே, பாத்தீங்களா?"

மறுமுனையில் விசைகளைத் தட்டும் சத்தம் கேட்டது.

"படத்தை யாரும் பாக்கல. அப்படித்தானே? நான் ஒரு பேரைச் சொன்னேன், நீங்க அந்தப் பேரை அடிச்சுட்டீங்க. என் பொய்யை ஒரு நாள்ல நம்பினீங்க. நான் உண்மையைச் சொல்ல மூணு நாள் இந்த நாற்காலியில உக்கார வேண்டியிருக்கு. அந்த ஆளைத் திரும்ப எடுக்கறவரைக்கும் தினமும் வருவேன். பெட்டி கட்டினது யார், எப்படிக் கட்டினாங்கன்னு எழுத்துல பதில் வரலைன்னா நுகர்வோர் மன்றத்துக்கும் போவேன்."

கிடங்கில் வேலை செய்தவர்கள் கையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். வசந்தகோகிலத்தின் குரல் அன்று தெருவில் இருந்த அளவுக்கே இருந்தது.

அடுத்த வாரம் கார்மேகத்தின் ஐ.டி. திறந்தது. பெட்டி கட்டியது பற்றிப் பதில் வரவில்லை. வசந்தகோகிலம் நுகர்வோர் மன்றத்தில் மனு கொடுத்தார்.

பத்து நாள் கழித்து கார்மேகம் அந்தத் தெருவுக்கு வந்தார். எதிர்வீட்டுக்கு ஒரு பார்சல். வசந்தகோகிலம் வாசலுக்கு வந்து தெருவின் நடுவில் நின்றார். இரண்டு மூன்று வீட்டில் ஆட்கள் எட்டிப் பார்த்தார்கள். எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார்.

"அன்னிக்கு நான் இவரைத் திட்டினதை எல்லாரும் கேட்டீங்க. இதையும் கேளுங்க. இவர் எதையும் உடைக்கல. நான் கம்பெனிக்குப் பொய் சொல்லி இவர் வேலையைப் போக வச்சேன். தப்பு என்னோடது."

கார்மேகம் எதிர்வீட்டுக்காரரிடம் ஓ.டி.பி. எண்ணைக் கேட்டார். போனில் அழுத்தினார். பார்சலைக் கொடுத்தார். வண்டியை எடுத்துக்கொண்டு போனார். வசந்தகோகிலத்தின் பக்கம் திரும்பவே இல்லை.

அதற்குப் பிறகு மூன்று தடவை வந்தார். மூன்றாவது தடவை வசந்தகோகிலம் தண்ணீர் வேண்டுமா என்று கேட்டார். அவர் காதில் விழாதது போல வண்டியைக் கிளப்பினார்.

மறுநாள் காலை கொட்டகையில் எல்லோரும் எழுந்து போன பிறகு வசந்தகோகிலம் உட்கார்ந்தே இருந்தார்.

"ஐயா, எல்லாம் செஞ்சுட்டேன். கிடங்குல உக்காந்தேன். தெருவுல நின்னு சொன்னேன். அந்த ஆள் இன்னும் முகம் குடுக்க மாட்டேங்கறார். தண்ணி குடுத்தாக்கூட வாங்கல."

"சரி."

"நான் மனசாரக் கேட்டேங்க. அதுக்கு மேல என்ன செய்ய முடியும்? ஒரு மனுசனுக்கு இவ்வளவு நாள் கோபம் இருக்கலாமா?"

செங்கோடன் அவரைப் பார்த்தார்.

"உங்க கோபத்தை நியாயம்னு சொன்னப்ப கேட்டுக்கிட்டீங்க டீச்சர். அவர் கோபத்துக்கு மட்டும் ஏன் கெடு வைக்கறீங்க?"