நரி வீட்டுச் செல்ல முயல்

பவளம் என்ற நரி ஒரு முயலை வீட்டோடு வைத்துச் செல்லமாக வளர்க்கிறாள் என்ற செய்தி, ஒரே காலைப்பொழுதில் மூங்கில் காடு முழுக்கப் பரவிவிட்டது. நரிதான். முயலைத்தான். நீங்கள் சரியாகத்தான் படித்தீர்கள்.

அந்த முயலின் பெயர் பஞ்சு. ஐப்பசி மழையில் அவன் வளைக்குள் வெள்ளம் புகுந்தது. அவனும் அவன் அக்கா கருங்காதும் ஆளுக்கொரு திசையில் ஓடினார்கள். அக்கா மேட்டிலிருந்த ஒரு புதருக்குள் ஒண்டிக்கொண்டாள். பஞ்சு நனைந்த துணி மாதிரி நரியின் வாசலில் போய் விழுந்தான். பவளம் அவனை நக்கித் துவட்டி, காய்ந்த சருகில் படுக்க வைத்து, அறுகம்புல்லும் கொண்டுவந்து கொடுத்தாள்.

"நரிக்குள்ள இப்படி ஒரு மனசா!" என்று பக்கத்து வீட்டு முள்ளம்பன்றி செங்கான் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

கருங்காது மட்டும் இதை நம்பவில்லை. மழை விட்டதும் நரி வீட்டுக்கு ஓடினாள். வாசலுக்குப் பத்தடி முன்னாலேயே நின்றுகொண்டாள்.

"வாடி பொண்ணே! ஏன் அங்கேயே நிக்கிற? உள்ளே வா!" என்றாள் பவளம்.

"இருக்கட்டும் அக்கா. காலெல்லாம் சேறு. தம்பியைக் கூட்டிட்டுப் போகலாம்னு வந்தேன்."

"கூட்டிட்டுப் போறதா!" பவளம் நெஞ்சில் கை வைத்தாள். "இவன் என் வயித்துல இருக்க வேண்டிய பிள்ளைடி! ஏதோ வெளியே இருக்கான்!"

பக்கத்து வாசலில் நின்ற செங்கான் மறுபடியும் கண்ணைத் துடைத்துக்கொண்டார். கருங்காதின் காதுகள் மட்டும் விறைத்து நின்றன. 'வயித்துல பிறக்க வேண்டிய பிள்ளை' என்றுதானே எல்லோரும் சொல்வார்கள்? இவள் ஏன் 'இருக்க வேண்டிய' என்கிறாள்?

"மாமா, அவ சொன்னதைக் கவனிச்சீங்களா?" என்று செங்கானிடம் மெல்லக் கேட்டாள்.

"வாய் தவறி வந்திருக்கும். அவ தாய் மனசைப் பாரு. நீ ஒரு வார்த்தையைப் பிடிச்சுக்கிட்டுத் தொங்குறியே!"

கருங்காது திரும்பிப் போனாள். ஆனால் வார்த்தையை விடவில்லை. அன்றிலிருந்து நரி வீட்டுக்கு எதிரே ஓர் இலந்தைப் புதரில் உட்கார்ந்து, போவதையும் வருவதையும் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

பஞ்சு ராஜா மாதிரி இருந்தான், அதை மறுப்பதற்கில்லை. காலையில் கிழங்கு, மதியம் கீரை, சாயங்காலம் இலந்தைப்பழம். ஒரு வாரத்துக்குள் கழுத்தும் முகமும் ஒன்றாகிவிட்டன. பவளம் தினமும் அவனைப் பின்கழுத்தைப் பிடித்துத் தூக்கி, இப்படியும் அப்படியும் ஆட்டிப் பார்ப்பாள். "தேறிட்டான் என் தங்கம்!" என்பாள். எந்தத் தாய் பிள்ளையைக் கறிக்கடையில் தூக்கிப் பார்ப்பதுபோலத் தூக்கிப் பார்ப்பாள்?

ஒருநாள் பவளம் காட்டோரக் குடிசையிலிருந்து உப்பும் மிளகாயும் திருடிக்கொண்டு வந்தாள்.

"ஊர்க் கண்ணெல்லாம் என் பிள்ளை மேலதான்!" என்று சொல்லி, பஞ்சுவுக்கு மூன்று முறை திருஷ்டி சுற்றினாள். சொல்லும்போது இலந்தைப் புதரை ஒரு பார்வை பார்த்தாள்.

திருஷ்டி சுற்றிய உப்பையும் மிளகாயையும் நெருப்பில்தானே போட வேண்டும்? பவளம் போடவில்லை. ஒரு தேங்காய்ச் சிரட்டையில் பத்திரமாக எடுத்து வைத்துக்கொண்டாள்.

'திருஷ்டியைச் சேர்த்து வைக்கிறவளை இன்னிக்குத்தான் பார்க்கிறேன்!' என்று கருங்காது நினைத்துக்கொண்டாள்.

பவளம் வெளியே போகும்போதெல்லாம் வாசலில் ஒரு பெரிய கல்லை உருட்டி வைத்துவிட்டுப் போவாள். பிள்ளைக்குக் குளிர்காற்று ஆகாதாம். அவள் போனதும் கருங்காது கல்லின் இடுக்கில் வாயை வைத்தாள்.

"டேய் பஞ்சு! உள்ளே பின்வாசல் இருக்கா?"

"இல்லையே. எதுக்கு?"

"நம்ம ஆளுங்க எவனாவது ஒரே வாசல் இருக்கிற வீட்டுல தூங்குவானாடா? சீக்கிரம் ஒரு பின்வாசல் தோண்டு!"

"வளர்ப்பு முயல் மண்ணைத் தோண்டக் கூடாதாம். தரை பாழாப் போகும்னு அம்மா சொன்னாங்க. என் நகத்தையெல்லாம் அவங்களே கடிச்சு விட்டுட்டாங்க."

"அம்மாவா? அவ நரிடா!"

உள்ளே பஞ்சு காலால் தரையைத் தட்டினான்.

"உனக்குப் பொறாமை அக்கா. நீ புதர்ல கிடக்கிற. நான் வீட்டுல இருக்கேன். அதான்."

கருங்காது அந்தக் கல்லின் மேலேயே முகத்தை வைத்து அழுதாள். வெள்ளத்தில் இவனைக் கூப்பிட்டுக் கூப்பிட்டுத் தொண்டை கட்டிப்போனவள் அவள். பொறாமையாம்! ஆனாலும் தம்பி தம்பிதானே. அழுது முடித்து மூக்கைத் துடைத்துக்கொண்டு ஒரு முடிவுக்கு வந்தாள். நரியின் வாயாலேயே ஒரு பதில் வாங்கிவிட வேண்டும்.

மறுநாள் நேரே போய்க் கேட்டாள்.

"அக்கா, இன்னிக்குத் தம்பி பிறந்த நாள். ஒரே ஒரு பொழுது அனுப்புங்க. சாயங்காலம் நானே கொண்டுவந்து விட்டுடறேன்."

"ஐயோ, வெளியே அனுப்புறதா? ஊர் கெட்டுக் கிடக்குடி! எங்கே பார்த்தாலும் நரியா சுத்துது!" என்றாள் பவளம், கொஞ்சமும் சிரிக்காமல். "நாளன்னிக்கு மதியம் என் தம்பி பெண்டாட்டியோட வர்றான். அன்னிக்கே கொண்டாடிடலாம். பஞ்சுவை வச்சுத்தான் விருந்தே!"

கருங்காதுக்கு அதற்கு மேல் எந்தப் பதிலும் வேண்டியிருக்கவில்லை.

நரி வீட்டின் பின்புறம் ஒரு மண்மேடு இருந்தது. அங்கிருந்து தோண்ட ஆரம்பித்தாள். இரண்டு பகலும் தோண்டினாள். மேல்மண் சேறாக வழிந்தது, கீழே சரளைக்கல். முன்னங்கால்களில் ரத்தம் கசிந்தது. மூன்றாம் நாள் உச்சிவேளைக்கு நாலு விரல்கடை மண்தான் பாக்கி. காதை வைத்தால் உள்ளே பேசுவது கேட்டது. பவளத்தின் தம்பியும் அவன் பெண்டாட்டியும் வந்துவிட்டார்கள்.

"பஞ்சு!" என்று கிசுகிசுத்தாள்.

சுவரோரம் படுத்திருந்த பஞ்சு திடுக்கிட்டான். "அக்கா! நீயா தோண்டுற? நான் அம்மாகிட்ட சொல்லிடுவேன்!"

"சொல்லு. ஆனா அதுக்கு முன்னாடி ஒரே ஒரு கேள்வி கேளு. விருந்துக்கு இலை போட்டிருக்காங்களா?"

"மூணு தேக்கிலை போட்டிருக்காங்க."

"அதுல உன் இலை எதுன்னு கேளு. இதுதான்னு ஒண்ணைக் காட்டினா, நான் இந்தப் பக்கமே வரமாட்டேன். சத்தியம்!"

பஞ்சு அலட்சியமாகத் திரும்பினான். இது என்ன பெரிய கேள்வி?

"அம்மா! மூணு இலைதானே இருக்கு? எனக்கு எந்த இலை?"

மூன்று நரிகளும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டன. தம்பி நரிக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. வாசலை அடைத்து உட்கார்ந்திருந்த பவளத்துக்கும் இனி என்ன மறைக்க வேண்டியிருக்கிறது?

"உனக்கு எதுக்குக் கண்ணு தனி இலை?" என்று கொஞ்சினாள். "நீதான் எல்லா இலையிலும் இருக்கப்போறியே!"

பஞ்சு ஒரே தாவாகச் சுவர்ப்பக்கம் பாய்ந்தான். தோண்டப் பார்த்தால் நகம் இல்லை! பல்லால் கடித்தான், பின்காலால் உதைத்தான். வெளியிலிருந்து கருங்காது தலையால் முட்டினாள். மண் பொலபொலவென்று உதிர்ந்து ஒரு துளை விழுந்தது.

"வாடா!"

பஞ்சு தலையை விட்டான். தோள் வந்தது. வயிறு வரவில்லை. வேளாவேளைக்குத் தின்ற கிழங்கெல்லாம் வந்து வழியை அடைத்துக்கொண்டது.

"பின்வாசலா வச்ச!" என்று உறுமிக்கொண்டு பவளம் பாய்ந்து அவன் பின்காலைக் கவ்வினாள். அம்மாவின் பல் எப்படி இருக்கும் என்று பஞ்சுவுக்கு அப்போதுதான் தெரிந்தது. இன்னொரு காலால் அவள் மூக்கைப் பார்த்து விட்டான் ஓர் உதை! பவளம் "ஐயோ!" என்று வாயைத் திறந்தாள். அந்த நொடியில் கருங்காது அவன் காதைப் பல்லால் கவ்வி இழுத்த இழுப்பில், பஞ்சு கொஞ்சம் முடியையும் தோலையும் உள்ளே விட்டுவிட்டு வெளியே வந்து விழுந்தான். துளை நரிக்குச் சின்னது. நரிகள் வாசல் வழியாகச் சுற்றிக்கொண்டு வருவதற்குள் அக்காளும் தம்பியும் முட்புதர்க் கூட்டத்துக்குள் மறைந்துவிட்டார்கள்.

அன்று சாயங்காலம் செங்கான் அவர்களைத் தேடிக்கொண்டு வந்தார். பஞ்சு நொண்டும் காலை நக்கிக்கொண்டு அக்காவின் மேல் சாய்ந்திருந்தான். அவள் முகத்தை நிமிர்ந்து பார்க்க அவனுக்கு வெட்கமாக இருந்தது.

"என்னால நம்பவே முடியலம்மா. எவ்வளவு அன்பாப் பேசினா!" என்றார் செங்கான்.

"பேசினா மாமா, இல்லைன்னு சொல்லல," என்றாள் கருங்காது. "ஒரு பொழுது வெளியே விடுன்னு கேட்டேனே, விட்டாளா?"

செங்கான் குனிந்து பஞ்சுவின் காலில் ஒட்டியிருந்த மண்ணைத் துடைத்துவிட்டார்.

அன்பு என்று சொல்பவரின் கொஞ்சலை நம்புமுன், நாம் போகக் கேட்டால் வழி விடுகிறாரா என்று பார்த்துக்கொள்ள வேண்டும்.