நீலம் பதிந்த கட்டைவிரல்

கும்பகோணத்துக்கு மேற்கே ஓர் ஊரில், மருத்துவமனை ஆய்வுக்கூடத்தில் சாயமேற்றும் பணியாளராக இருந்தார் அம்பலவாணர். நோயாளியின் குடலிலிருந்து கிள்ளியெடுத்த சதையை மெல்லிய ஏடாகச் சீவிக் கண்ணாடியில் பதித்து, நீலச் சாயத்தில் ஊறவைப்பது அவர் வேலை. குடலின் உட்சுவரில் கோப்பை வடிவச் செல்கள் உண்டு. அவை வழவழப்பான கோழையைச் சுரந்து, கிருமிகள் சுவரைத் தீண்டாமல் காக்கின்றன. சாயத்தில் நீலமாவது அந்தக் கோழைதான். நஞ்சைத் தொண்டையிலேயே நிறுத்திய நீலகண்டரை அவர் அதில் கண்டார். தொழுத பிறகே கண்ணாடியைத் தொடுவார்.

மாலைதோறும் வில்வத்துடன் நீலகண்டர் சந்நிதிக்குப் போவார். அவர் கட்டைவிரலில் நீலக்கறை எந்நாளும் போகாது. அதைக் கண்டு ஏகாம்பர குருக்கள் நகைப்பார்.

"குடல் அலசற கையாலே வில்வமா? அந்தத் தூண்கிட்டயே வச்சுட்டுப் போம், ஓய்."

அம்பலவாணர் அங்கேயே வைத்துக் கும்பிடுவார். வசவுக்கு வசவு சொல்லும் வழக்கம் அவர் குடும்பத்தில் இல்லை.

ஒருநாள் குருக்களின் மகள் அபிதாவின் பெருங்குடல் சதை வந்தது. ஓராண்டாக அவளுக்கு இரத்தப்போக்கு. புண் ஆறியிருந்தால் கோப்பைச் செல்கள் மீண்டிருக்கும். இல்லையேல் பெருங்குடலையே எடுத்தாக வேண்டும். கண்ணாடியில் நீலமே தென்படவில்லை. அறுவைக்கு நாள் குறித்தார்கள்.

அம்பலவாணருக்கு நெஞ்சு சுட்டது. பூசைக்கு நேரமாகிறதென்று, அரைமணி ஊற வேண்டிய கண்ணாடியை ஐந்தே நிமிடத்தில் எடுத்தவர் அவர்தாம். தலைமை மருத்துவர் தெய்வநாயகியின் முன் போய் நின்றார்.

"தப்பு என்னுதுதாம்மா. மிச்சச் சதையில இன்னொண்ணு போட்டுத் தரேன்."

"வேலை போயிடும், தெரியுமா?"

"போகட்டும்மா. அந்தப் பொண்ணு குடல் போகக் கூடாது."

மாலைப் பூசை மணி கேட்டது. அவர் போகவில்லை. அரைமணி முழுதும் கண்ணாடியருகே நின்றார். மருத்துவர் நுண்ணோக்கியில் பார்த்தார்.

"நீலச் செல்லெல்லாம் வரிசையா வந்து உக்காந்திருக்கு. புண் ஆறிடுச்சு. கத்தி வேண்டாம். நாளைக்கும் நீங்கதான் சாயம் போடணும்."

அதே வேளையில் அபிடேகம் செய்துகொண்டிருந்த குருக்கள் குனிந்து உற்றுப் பார்த்தார். இலிங்கத் திருமேனியில் நீலமாக ஒரு கட்டைவிரல் தடம். குடம் குடமாகப் பால் வார்த்தும் அழியவில்லை. தூணருகே அம்பலவாணரும் இல்லை.

மகளுக்கு அறுவை வேண்டாம் என்பதும், அது யாரால் என்பதும் பின்னரே தெரிந்தது. மறுநாள் குருக்கள் தூணருகே வந்து நின்றார்.

"உள்ளே வாரும். உம்ம கையாலேயே சாத்தும்."

அம்பலவாணர் வில்வம் சாத்தி, விரலைத் தடத்தின்மேல் வைத்தார். ரேகை பிசகாமல் பொருந்தியது.

பூசைக்காகப் பணியைக் குறைத்துத் தவறியவர், பணிக்காகப் பூசையை விட்டு இறைவனைத் தொட்டார். அந்த நீல விரலுக்கு நம் வணக்கம்.