சத்தம் வராத நேரம்

"ரீச்சர், மூண்டு தரம் கழட்டிப் பூட்டிட்டன். சத்தம் போகுதில்லை."

சீடர் இப்படி முறையிட்டபோது குரு ஒரு வண்டிக்கு அடியில் படுத்திருந்தாள். வெளியே வந்தாள். அவர் கையிலிருந்த ஸ்பானரை வாங்கித் தன் மேலங்கிப் பைக்குள் போட்டாள். திரும்பப் போய்ப் படுத்துக்கொண்டாள்.

பதில் அவ்வளவுதான்.

குருவின் பெயர் சிந்துஜா. வயது முப்பத்தொன்று. நோர்வேயின் வடகோடியில் ஒரு மீன்பிடி ஊரில் பிறந்தவள். பனியில் ஓடுகிற ஸ்னோமொபைல்களைத் திருத்த அங்கேயே ஒரு கராஜ் வைத்திருக்கிறாள்.

சீடரின் பெயர் பரராசசிங்கம். வயது ஐம்பத்தாறு. யாழ்ப்பாணத்தில் பஸ் மெக்கானிக்காக இருந்தவர். இங்கே வந்து இருபத்தாறு வருடம் தொழிற்சாலையில் மீன் வெட்டினார். மூன்று மாதத்துக்கு முன்பு ஒரு நாள், "பிள்ளை, எனக்கு இந்தத் தொழிலைப் பழக்கிவிடு" என்று வந்து நின்றார். அன்றைக்கே பிள்ளை ரீச்சராகிவிட்டாள்.

பஸ்ஸையே பிரித்துப் போட்ட மனிதருக்கு ஸ்னோமொபைல் ஒரு விளையாட்டுச் சாமான். அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தார், பாவம்.

அவர் தனியாகத் திருத்திய முதல் வண்டி, ஊர் மருத்துவத் தாதி மாரித் என்பவளுடையது. கிளட்சைச் சுத்தம் செய்து, புதுப் பெல்ட் போட்டார். வேலை முடிந்ததும் முறைப்படி பூசையும் செய்தார். சக்கரம் இல்லாத வண்டிக்கு எத்தனை எலுமிச்சம்பழம் என்று நெடுநேரம் யோசித்து, முன்னால் இருக்கும் இரண்டு சறுக்குக் கட்டைகளுக்கும் கீழே ஒவ்வொன்று வைத்தார்.

வண்டி நகர்ந்தது. பழங்கள் நசுங்கவில்லை. பனிக்குள் புதைந்து போயின.

குரு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

அதனால் மிச்சமிருந்த ஒரு பழத்தை அவர் அவளுக்குக் காட்டவில்லை. பச்சை மிளகாயோடு சேர்த்து நூலில் கோத்து, பக்கத்து மூடிக்கு உள்ளே, கிளட்சின் காப்புத் தகட்டுக்கு முன்னால் தொங்கவிட்டார். யார் கண்ணிலும் படாத இடம்.

மூன்றாம் நாள் மாரித் திரும்பி வந்தாள்.

"டொக் டொக் என்கிறது. காலையில் ஸ்டார்ட் செய்தவுடன். அரை மணி ஓடினால் நின்றுவிடுகிறது."

மலைக்கு அந்தப் பக்கம் அவளுடைய நோயாளிகள் இருந்தார்கள். நடுவில் நாற்பது கிலோமீட்டர் வெறும் பனி. சத்தம் போடுகிற வண்டியை நம்பி அதற்குள் யாரும் இறங்க மாட்டார்கள். நாளை பன்னிரண்டு மணிக்கு வருவேன் என்று சொல்லிவிட்டுப் போனாள்.

பன்னிரண்டுக்குள் சத்தம் பிடிபடாவிட்டால் வண்டி நகரத்துக் கராஜுக்குப் போகும். சீடர் மீன் வெட்டப் போவார். சேரும்போதே குரு வைத்த நிபந்தனை அது. முதல் வண்டி ஒழுங்காகப் போனால்தான் வேலை.

இப்போது மறுநாள் காலை மணி எட்டரை. கையில் ஸ்பானரும் இல்லை.

சீடர் வண்டிக்கடியில் தெரிந்த குருவின் இரண்டு சப்பாத்துகளைப் பார்த்துப் பேசினார்.

"கிளட்ச் எண்டுதான் நினைச்சன். கழட்டிப் பாத்தன், அதில பிழையில்லை. இனி எஞ்சினைத்தான் திறக்க வேணும். குளிரில தட்டி, சூடானா நிக்குது. பிஸ்டன் தேஞ்சா அப்பிடித்தான் வரும்."

"எஞ்சினைத் திறந்தா எப்ப பூட்டி முடிப்பீங்கள், அங்கிள்?"

"நாளைக்கு."

சப்பாத்துகள் அடுத்த கேள்வியைக் கேட்டன.

"சத்தம் எப்ப வருது எண்டு சொன்னீங்கள். எப்ப வராது?"

சீடருக்கு அப்படி ஒரு கேள்வி இருப்பதே தெரியாது. பஸ் திருத்திய காலம் முழுவதும் வருகிற சத்தத்தைத்தான் துரத்தியிருக்கிறார்.

"வராத நேரத்தைப் பிடிச்சுக்கொண்டு வாங்கோ. அதுவரைக்கும் ஸ்பானர் என்னட்டை இருக்கட்டும்."

அவர் ஒரு மீன் பெட்டியைக் கவிழ்த்து உட்கார்ந்தார். உள்ளே எரிச்சலாக இருந்தது. தன் மகளின் வயதுக்காரி. நல்ல கேள்வி கேட்டுவிட்டாளே என்பதுதான் இன்னும் எரிச்சல்.

அரை மணி கழித்து எழும்பி வந்தார்.

"கராஜுக்குள்ள வராது."

"ம்."

"பெல்ட்டைக் கழட்டினா வராது. மாட்டினாலும் வராது. பழைய பெல்ட்டைப் போட்டுப் பாத்தன். அப்பவும் வரேல்லை."

"அதெல்லாம் எங்க வச்சுப் பாத்தனீங்கள்?"

"இஞ்சதான். சூட்டுக்குள்ள." சொல்லிவிட்டுச் சீடர் கதவைப் பார்த்தார். "கழட்டினது முழுக்க உள்ளுக்க. கேட்டது முழுக்க வெளியில."

குரு வெளியே வந்தாள். தேத்தண்ணிக்குக் கேத்தலைப் போட்டாள்.

"வண்டியைத் தள்ளுங்கோ."

இருவரும் தள்ளிக்கொண்டு போய்ப் பனியில் விட்டார்கள். குளிர் மைனஸ் இருபத்திரண்டு பாகை. இரண்டு மாத இருட்டு முடிந்து திரும்பி வந்திருந்த சூரியன், ஊர் முழுவதையும் கண் கூசப் பண்ணிக்கொண்டிருந்தது. பதினொன்றரை வரைக்கும் தேத்தண்ணி குடித்தார்கள். சீடர் நான்கு கோப்பை. ஒன்றிலாவது சீனி போட்டாரா என்று அவருக்கு நினைவில்லை.

"இப்ப ஸ்டார்ட் பண்ணுங்கோ. நிப்பாட்டாமல் கேளுங்கோ. ஒண்டையும் கழட்டாதேங்கோ."

டொக். டொக். டொக்.

குரு தரை கூட்டும் தும்புக்கட்டையின் நீளப் பிடியை நீட்டினாள். யாழ்ப்பாணத்திலும் இப்படித்தான் கேட்பார்கள். அவர் கம்பின் ஒரு நுனியைக் காதில் வைத்தார். மறு நுனியை எஞ்சினில் வைத்தார். எஞ்சின் ஒரே சீராகப் பாடிக்கொண்டிருந்தது. பிஸ்டனில் குறையில்லை.

பக்க மூடியைத் திறந்து கம்பைக் காப்புத் தகட்டில் வைத்தார்.

டொக். டொக். டொக். காதுக்குள்ளேயே தட்டியது.

"இஞ்சதான், ரீச்சர்."

தகட்டுக்குப் பின்னால் எட்டிப் பார்க்க வேண்டும். அதற்கு முன்னால் அவருடைய இடது கை ஒரு காரியம் செய்தது. நேற்றிலிருந்து மூன்று முறை செய்த அதே காரியம்தான். வேலைக்கு இடைஞ்சலாகத் தொங்கிய எலுமிச்சம்பழத்தை மரியாதையாகத் தூக்கிப் பிடித்தது. அந்த மூன்று முறையும் எஞ்சின் நின்றிருந்தது. இன்று ஓடிக்கொண்டிருந்தது.

சத்தம் நின்றது.

சீடர் கையைப் பார்த்தார். கராஜ் சூட்டில் மெத்தென்று இருந்த பழம் இப்போது உறைந்து கல்லாகியிருந்தது.

மெல்லக் கீழே விட்டார். டொக்.

தூக்கினார். சத்தம் இல்லை.

விட்டார். டொக்.

அவருக்குச் சிரிப்பு வந்தது. வெட்கமும் சந்தோஷமும் ஒன்றாக வந்து, கண்ணில் வந்த நீர் இமையிலேயே உறைந்தது. குரு எட்டிப் பார்த்தாள். அடுத்த நிமிடம் சிரிப்புத் தாங்காமல் பனியில் உட்கார்ந்துவிட்டாள்.

"உங்களுக்கு முதலே தெரியுமோ, ரீச்சர்?"

"எனக்கெங்க தெரியும்? நீங்கள்தானே ஒளிச்சு வச்சனீங்கள்."

பன்னிரண்டு மணிக்கு மாரித் வந்தாள். ஒருவர் அழுவதையும் ஒருவர் பனியில் புரள்வதையும் பார்த்தாள். பிறகு பழத்தைப் பார்த்தாள்.

"இது எந்தப் பாகம்?" என்று கேட்டாள்.

குரு அதைத் தகட்டில் டொக் டொக் என்று தட்டிக் காட்டிவிட்டுச் சீடரைக் கைகாட்டினாள். அவர் தன் நோர்வேஜிய மொழி முழுவதையும் திரட்டினார்.

"நீங்கள் பத்திரமாகத் திரும்பி வருவதற்கு."

மாரித் கையுறையைக் கழற்றி, மூன்று மிளகாய்களையும் ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தாள்.

"அப்படியென்றால் அது அங்கேயே இருக்கட்டும். என்ன சத்தம் என்றுதான் இப்போது தெரிந்துவிட்டதே."

சீடர் மறுத்துத் தலையை ஆட்டினார். நூலைத் தானே அவிழ்த்தார்.

"வேண்டாம். இது தட்டினால், உண்மையாகவே கிளட்ச் தட்டும்போது உங்களுக்குக் கேட்காது."

பழத்தைத் தன் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார். பக்க மூடியைச் சாத்தினார். மாரித் ஏறி உட்கார்ந்தாள். வண்டி சரிவில் ஏறி, பனிவெளியைத் தொட்டு, ஒரு புள்ளியாகிப் போகும் வரைக்கும் இருவரும் காது கொடுத்து நின்றார்கள். எஞ்சினைத் தவிர வேறெதுவும் கேட்கவில்லை.

குரு மேலங்கிப் பையிலிருந்து ஸ்பானரை எடுத்து நீட்டினாள்.

"இந்தாங்கோ."

"இனிக் கழட்ட ஒண்டும் இல்லையே, ரீச்சர்."

"அதாலதான் தாறன்."