ஒரு பரம்பரைக்கு ஒரு தூண்

“பச்சை அநியாயம் அம்மா இது! அடுக்குமா?”

கத்திக்கொண்டே மாடிப்படி ஏறி வந்தான் ஏகாம்பரம்.

தையல்நாயகி அம்மாள் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. மொட்டைமாடியில் பழைய வேட்டி ஒன்றை விரித்து, கரண்டி கரண்டியாகக் கூழ்வடகம் ஊற்றிக்கொண்டிருந்தார்.

“வந்தது நல்லதாப் போச்சு. அந்தக் குச்சியை எடு. காக்கா விடமாட்டேங்குது.”

ஏகாம்பரம் குச்சியை எடுத்தான்.

சமஸ்தானத்து ஆஸ்தான வித்வான் அவன். தோளில் கிடந்தது ராஜா தன் கையால் போர்த்திய சால்வை. அறுபத்திரண்டு வயசுக்காரரை அவன் இவன் என்பதா என்று யாரும் கோபிக்க வேண்டாம். குருவின் வீட்டுப் படியேறிவிட்டால் எப்பேர்ப்பட்டவரும் அவன்தான்.

குருவுக்கு வயசு ஐம்பத்தெட்டு. ஆமாம், நாலு வயசு இளையவர். முப்பது வயசில் தொண்டை கெட்டு, ஊரிலுள்ள வித்வான்கள் எல்லாரும் ‘இது தேறாது’ என்று கைகழுவிய பிறகு, ஏகாம்பரம் வந்து விழுந்த இடம் இந்த வீடு. பன்னிரண்டு வருஷம் அம்மாள் சொல்லிக்கொடுத்தார்.

அவர் ஒரு நாளும் மேடை ஏறியதில்லை. முதலில் வீட்டில் ஏற விடவில்லை. பிறகு அவருக்கே ஏறப் பிடிக்கவில்லை. அதனால் இவனுக்குக் குரு யார் என்பது ஊரில் பாதிப் பேருக்குத் தெரியாது. ஏகாம்பரமும் மெனக்கெட்டுச் சொன்னதில்லை.

“என்ன அநியாயம், சொல்லு.”

“இசை மண்டபம் அம்மா.”

ராஜா ஒரு மண்டபம் கட்டுகிறார். இருபத்திநாலு கல்தூண். தூணுக்கு ஒரு சங்கீதக்காரரின் உருவம். யார் யார் என்று தீர்மானிக்க ஏழு பேர் கொண்ட சபை. அதில் ஏகாம்பரமும் ஒருவன்.

ஆறு மாசமாக அங்கே நடப்பது சபையா சந்தைக்கடையா என்று தெரியவில்லை. செத்தவர்களுக்குத்தான் தூண் என்றார் ஒருவர். அப்படியானால் நாங்கள் எதற்கு இங்கே உட்கார்ந்திருக்கிறோம் என்று எகிறினார் இன்னொருவர். மிருதங்கக்காரர்களை ஒரு தூணுக்கு இரண்டு பேராகச் செதுக்கினால் போதாதா என்று ஒருவர் கேட்டுவைக்க, அன்றைக்குக் கைகலப்பே ஆகிவிட்டது.

“இருபத்திரண்டு முடிஞ்சுது. ரெண்டு பாக்கி. ஒண்ணு எனக்குன்னு திவானே வாய்விட்டுச் சொல்லிட்டாரு. நேத்துப் பாத்தா, அந்த வீணை சேஷகிரி எழுந்திரிச்சு உங்க பேரைச் சொல்றாரு.”

கரண்டி நின்றது.

“என் பேரையா?”

“‘ஏகாம்பரத்தை உண்டாக்கினது யாரு? அந்த அம்மாவுக்கு ஒரு தூண் வேண்டாமா?’ன்னு கேட்டாரு. சபையே ஆமாம்னு தலையாட்டுது.”

“அடேயப்பா!”

அம்மாள் முகத்தில் ஒரு சிரிப்பு வந்து போயிற்று. சின்னப் பெண்ணின் சிரிப்பு மாதிரி இருந்தது. ஏகாம்பரம் அதைப் பார்த்துவிட்டான். பார்க்காமல் இருந்திருக்கலாம் என்று தோன்றியது அவனுக்கு.

“இதுல அநியாயம் எங்கே வந்துது?” என்றார்.

“ஒரு பரம்பரைக்கு ஒரு தூண்தான்னு விதி இருக்கு அம்மா. உங்களுக்குக் குடுத்தா எனக்குக் கிடையாது.”

“அட, இது என்ன கூத்து? யாரு போட்ட விதி?”

“சபை போட்டது.”

“சபையில யாரு?”

ஏகாம்பரம் வராத காக்காயை விரட்டினான்.

“யாருன்னு கேட்டேன்.”

“நான்தான்.”

“எதுக்கு?”

“குழந்தைவேலுவுக்காக. அவனோட குரு மூணாவது தூண்ல இருக்காரு. இந்த விதி இருந்தா அவன் உள்ளே வர முடியாது.”

“அவ்வளவு மோசமாவா பாடறான்?”

ஏகாம்பரம் குச்சியைத் தரையில் தட்டிக்கொண்டே இருந்தான். பொய் சொல்லலாம் என்றுதான் நினைத்தான். இந்த வீட்டில் அது வரவில்லை.

“நல்லாப் பாடறான் அம்மா. என்னைவிட நல்லாப் பாடறான். போன தை மாசம் அவன் பாட்டைக் கேட்டுட்டு வந்து ரெண்டு நாள் எனக்குச் சோறு இறங்கலை. வயித்தெரிச்சல். போதுமா?”

“போதும்.”

அம்மாள் அடுத்த வடகத்தை ஊற்றினார்.

“அப்ப விதியை எடுத்துடச் சொல்லு.”

“எடுத்தா ஒண்ணு உங்களுக்கு, ஒண்ணு அவனுக்குன்னு ஆயிடும். நான் தெருவில நிக்கணும்.”

“சரி, என்னதான் பண்ணணுங்கிற?”

இதற்குத்தான் காத்திருந்தான். சால்வைக்குள்ளிருந்து ஒரு காகிதத்தை எடுத்து அவர் முன்னால் நீட்டினான். மணிமணியான எழுத்தில் ஏற்கெனவே எழுதி வைத்திருந்தது. ஒரே வரி.

‘ஏகாம்பரம் என்னிடம் பாட்டுக் கற்றவர் அல்லர்.’

அம்மாள் படித்தார். மறுபடியும் படித்தார்.

“உங்க கையெழுத்து ஒண்ணு போதும் அம்மா. நீங்க ஒரு பரம்பரை, நான் ஒரு பரம்பரைன்னு ஆயிடும். உங்களுக்கும் தூண், எனக்கும் தூண். யாருக்கும் நஷ்டம் இல்லை. உங்க பேரு நிலைக்கணும்னுதான் நான் இவ்வளவு பாடுபடறேன்.”

“அப்ப உன் குரு யாருன்னு போடுவாங்க?”

“சுயம்புன்னு போட்டுக்கலாம்னு திவான் சொல்றாரு.”

“சுயம்பு” என்று சொல்லிப் பார்த்தார் அம்மாள். “நல்லாத்தான் இருக்கு. எங்கே, பாடு.”

“இப்பவா?”

“கையெழுத்துப் போடப் போறவ நான். போடறது நெசமா பொய்யான்னு எனக்குத் தெரிய வேண்டாமா?”

குச்சியைக் கையில் வைத்துக்கொண்டே ஏகாம்பரம் தோடியை எடுத்தான்.

நன்றாகத்தான் வந்தது. வர வர அவனுக்கு வியர்த்தது.

மேலே போய் நிற்கிற இடம், அவர் நிற்கச் சொன்ன இடம். இறங்குகிற வழி, அவர் போட்டுக்கொடுத்த வழி. வேறு பக்கம் போவோம் என்று திருப்பினான். அங்கேயும் அவர்தான் இருந்தார். இன்னொரு பக்கம் திருப்பினான். மூச்சு எடுக்கிற இடத்தில்கூட அவர் இருந்தார். எங்கேதான் போவது?

நிறுத்தினான். தொண்டையைக் கனைத்துக்கொண்டான்.

“அந்தக் கனைப்பு உன்னோடது” என்றார் அம்மாள். “அதை நான் சொல்லிக்குடுக்கலை.”

ஏகாம்பரத்துக்கு அழுகை வந்துவிட்டது. நிஜ அழுகைதான், வேஷம் இல்லை. மூக்கைச் சால்வையில் துடைத்துக்கொண்டான்.

ஆனால் காகிதத்தை நீட்டிய கை நீட்டியபடியே இருந்தது.

அம்மாள் அந்தக் கையைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

“எனக்கும் தூண் உண்டுங்கிறியே, நிச்சயமா?”

“என் தலைமேல சத்தியம் அம்மா.”

கையில் ஒட்டியிருந்த கூழைக் கழுவினார். முந்தானையில் துடைத்தார். கையெழுத்துப் போட்டார்.

“போயிட்டு வாங்க” என்றார்.

பாதிப் படி இறங்கிய பிறகுதான் அவனுக்கு உறைத்தது. முப்பத்திரண்டு வருஷத்தில் அவர் அவனை ‘வாங்க’ என்று சொன்னதே இல்லை.

ஏகாம்பரம் படியில் நின்றான். திரும்பிப் போய்க் காலில் விழுந்துவிடலாம் என்று ஒரு கணம் தோன்றியது.

மூன்று மணிக்குச் சபை கூடுகிறது. வேகமாக இறங்கிப் போனான்.

சபையில் திவான் காகிதத்தை வாசித்தார். எதிர்ப்பு இல்லை. இருபத்திமூன்றாவது தூண் ஏகாம்பரத்துக்கு என்று தீர்ந்தது. எல்லாரும் கைதட்டினார்கள்.

“அடுத்தது தையல்நாயகி அம்மாள்” என்றார் சேஷகிரி.

“அவங்களுக்கு எதை வச்சுத் தூண்?” என்றார் ஒருவர்.

“என்னங்க இப்படிக் கேக்கறீங்க? நேத்துதானே பேசினோம்?”

“நேத்து, ஏகாம்பரத்தை உண்டாக்கினவங்கன்னு சொன்னீங்க. இல்லைன்னு இன்னிக்கு அவங்களே எழுதிக் குடுத்திருக்காங்களே. அந்த அம்மா ஒரு கச்சேரி பண்ணியிருக்காங்களா? பேர் சொல்ல வேற ஒரு சீடன் உண்டா?”

இல்லை.

சேஷகிரி ஏகாம்பரம் பக்கம் திரும்பினார்.

“ஏகாம்பரம், நீ சொல்லுப்பா. நீ ஒரு வார்த்தை சொன்னாப் போதும்.”

ஏழு பேர் சபையில் மற்ற ஆறு பேரும் அவனைப் பார்த்தார்கள்.

இப்படி ஆகும் என்று ஏகாம்பரம் சத்தியமாக நினைக்கவில்லை. சொன்னால் என்ன ஆகும் என்று கணக்குப் போட்டான். காகிதம் பொய் என்று ஆகும். தூண் போகும். ஊர் சிரிக்கும். குழந்தைவேலு சிரிப்பான்.

“சபை விதிப்படி செய்யட்டும்” என்றான்.

இருபத்திநாலாவது தூண் ராஜாவின் மைத்துனருக்குப் போயிற்று. அவர் பஜனையில் ஜால்ரா தட்டுவார். அவருக்குப் பரம்பரைச் சிக்கல் ஒன்றும் இல்லை.

மண்டபம் முடிய நாலு மாசம் ஆயிற்று. அந்த நாலு மாசமும் ஏகாம்பரம் அம்மாள் வீட்டுப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. இன்றைக்குப் போகலாம், நாளைக்குப் போகலாம் என்று தள்ளிக்கொண்டே வந்தான். சிற்பி வந்து முகத்தை அளந்துகொண்டு போனார். மூக்கைக் கொஞ்சம் எடுப்பாக வைக்கச் சொன்னான்.

திறப்பு விழாவுக்கு முதல் நாள் காலை, தட்டில் பழம் வெற்றிலையோடு போனான்.

அம்மாள் கூடத்தில் உட்கார்ந்து அவரைக்காய் ஆய்ந்துகொண்டிருந்தார்.

“வாங்க” என்று எழுந்தார். சுவரோரம் இருந்த நாற்காலியை இழுத்துப் போட்டார். “உக்காருங்க.”

அந்த வீட்டில் அவன் தரையைத் தவிர எங்கேயும் உட்கார்ந்ததில்லை. நாற்காலி நுனியில் உட்கார்ந்தான்.

“உங்க விஷயம் இந்தத் தடவை...”

“சேஷகிரி வந்து சொன்னாரு. பாவம், அழுதுட்டுப் போனாரு.”

“நான் எவ்வளவோ சொல்லிப் பாத்தேன் அம்மா.”

அம்மாள் ஒரு காயை எடுத்து நார் உரித்தார்.

அவர் திட்டியிருந்தால் தேவலை. ரெண்டு அறை விட்டிருந்தாலும் வாங்கிக்கொண்டிருப்பான். திட்டவும் இல்லை, முகத்தைத் திருப்பிக்கொள்ளவும் இல்லை. வீட்டுக்கு வந்த பெரிய மனுஷரை உபசரிப்பது மாதிரி உபசரித்தார். மோர் கொண்டுவந்து வைத்தார்.

தட்டை எடுத்து அவர் முன்னால் வைத்தான்.

“நாளைக்கு என்னைத்தான் முதல்ல பாடச் சொல்லியிருக்காங்க. நீங்க வரணும் அம்மா. உங்களைப் பாக்காம எனக்கு வாய் வராது. முன்வரிசையில, ராஜாவுக்குப் பக்கத்துல நாற்காலி போடச் சொல்றேன். மாட்டேன்னு மட்டும் சொல்லிடாதீங்க.”

அப்படியே விழுந்து அவர் காலைப் பிடித்துக்கொண்டான். ஆஸ்தான வித்வான் குழந்தை மாதிரி விசும்பினான்.

“வரேன்” என்றார் அம்மாள்.

அவனால் நம்ப முடியவில்லை.

“நெசமாவா?”

“நெசமாத்தான். இவ்வளவு தூரம் கூப்பிடறீங்களே.”

ஏகாம்பரம் கண்ணைத் துடைத்துக்கொண்டான். நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்த கல்லை யாரோ தூக்கி எடுத்த மாதிரி இருந்தது. போதும், இனி ஒன்றும் வேண்டாம் என்று நினைத்தான். சால்வையைச் சரிசெய்துகொண்டு எழுந்தான்.

“ஒரு விஷயம்” என்றார் அம்மாள்.

“சொல்லுங்க அம்மா.”

“வாசல்ல சேவகனுங்க நிப்பாங்க இல்லையா? ‘நீ யாரு?’ன்னு என்னைக் கேட்டா, நான் என்ன சொல்லட்டும்?”

குத்தலாகக் கேட்கவில்லை. வழி தெரியாதவர் வழி கேட்பது மாதிரிதான் கேட்டார். கேட்டுவிட்டு, பதிலுக்காக அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஏகாம்பரம் வாயைத் திறந்தான்.

‘தெரிஞ்சவங்கன்னு சொல்லுங்க’ என்பது நாக்கின் நுனிக்கு வந்து தயாராக நின்றிருந்தது. அதைக் கண்டு அவனே பயந்துபோனான்.