இலைக்கு ஊற்றிய யானை

ஓடைக்கு வெகு தூரத்தில், ஒரு காட்டின் ஓரத்தில், ஒரு முயல் குட்டிகளோடு இருந்தது. கோடையில் குட்டிகளின் வயிற்றுக்கு வேண்டுமே என்று இனிப்புச் சோளம் விதைத்தது.

தண்ணீர் சுமக்க முயலால் ஆகுமா? யானையிடம் போய்த் தயங்கித் தயங்கிக் கேட்டது.

"நான் ஊத்துறேன். கதிரில் பாதி எனக்கு" என்றது யானை.

முயல் ஒவ்வொரு செடியின் தூரிலும் குழி பறித்து வைத்தது, பிள்ளைகளே. யானையோ பொழுது சாய வரும். வரப்பில் நின்றபடியே துதிக்கையைத் தூக்கி ஒரு வீசு வீசும். இலை நனையும். அவ்வளவுதான்.

"பார்த்தியா! மத்தியானம் சுருண்டு கிடந்த இலை, என் தண்ணி பட்டதும் விரிஞ்சிடுச்சு!"

முயல் மண்ணைக் கிளறியது. உள்ளே ஒரே புழுதி.

"யானையண்ணே, வெயில் தாழ்ந்தா இலை தானாவே விரியும். இப்போ விடியும்போதே சுருண்டு கிடக்குது. கதிர் முடி விடுற நேரம், இப்போதான் மணி பிடிக்கும். குழி நிறைய ஊத்துங்க, வேருக்கு இறங்கட்டும்."

"காது நீண்டா வாயும் நீளுமோ?" என்று சிரித்துவிட்டுப் போனது யானை. முயலுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. ஆனாலும் தண்ணீருக்கு வேறு வழி ஏது?

அறுப்பு வந்தது. குட்டி ஆசையாக ஒரு கதிரை உரித்தது. இங்கொன்றும் அங்கொன்றுமாக நாலு மணி. மீதியெல்லாம் வெறும் சக்கை. அடுத்ததும் அப்படியே.

"அம்மா, பசிக்குது."

அந்த நேரம் பார்த்து யானை வந்தது. "என் பாதி எங்கே? அட, என்ன இது! நீ போட்ட விதை சொத்தை."

முயல் ஒரு செடியைப் பிடித்து இழுத்தது. சட்டென்று கையோடு வந்தது. வேரெல்லாம் மேல் மண்ணிலேயே படர்ந்து காய்ந்திருந்தது.

"விதையா சொத்தை? கண்ணைத் திறந்து பாரு! தாகத்துல கீழே இறங்கக்கூட வழியில்லாம செத்திருக்கு. என் பிள்ளைங்க வயித்துல அடிச்சுட்டு, பங்கு வேற கேக்குறியா?"

யானை ஓரடி பின்வாங்கியது. "நான் தினமும் ஊத்தினேனே..."

"இலைக்குத்தானே ஊத்தினே? இந்தா, இலை அத்தனையும் உனக்கு! கதிர்மேல துதிக்கை பட்டுச்சுன்னா தெரியும் சேதி!"

யானை கருகிய இலையை வாயில் போட்டுத் துப்பியது. முயல் திரும்பியும் பார்க்காமல், இருந்த மணிகளை உதிர்த்துக் குட்டிகளுக்கு ஊட்டியது.

நீதி: பேருக்குச் செய்த வேலைக்குப் பங்கு கேட்கக் கூடாது.