திக்கிய நேரலை

ஏரி உடைந்த மறுநாள் அது. "கரையோரக் குடியிருப்பில் ஓர் ஆள் மிச்சமில்லை, எல்லாரையும் மீட்டாச்சு" என்று முகாமில் நின்று நேரலையில் முழங்கினார் மந்திரி. படமோ திக்கித் திக்கிப் போனது. முகாமுக்கும் குடியிருப்புக்கும் ஒரே செல்போன் டவர்.

மந்திரி, டவர் டெக்னீஷியனான பேச்சிமுத்துவைக் கூப்பிட்டார். "ஆளில்லாத இடத்துக்கு எதுக்குய்யா சிக்னல்? அந்தப் பங்கையும் எனக்குத் திருப்பு."

பேச்சிமுத்து கைகட்டி நின்றார். "ஐயா, கேக்குறவங்களுக்குத்தான் டவர் பங்கு வைக்கும். அங்க ஆளில்லேன்னா அந்தப் பங்கு தானாவே உங்களுக்கு வந்திருக்கும். உங்க படம் திக்குதுன்னா, அங்கேர்ந்து இன்னும் நிறையப் பேர் கூப்பிட்டுக்கிட்டிருக்காங்க."

நேரலையை யாரும் நிறுத்தவில்லை, ஊரே கேட்டது. மந்திரி வெளிறிப்போய்ப் படகுகளை அனுப்பச் சொன்னார்.

அவை கிளம்புவதற்குள் குடியிருப்பிலிருந்து வந்த அழைப்புகள் ஒவ்வொன்றாக அடங்கின. மந்திரியின் படம் துளியும் திக்காமல் ஓடியது. அதைப் பார்க்கப் பேச்சிமுத்துவுக்குத் தெம்பில்லை.